குமரி மாவட்டத்துப் பிள்ளை பந்தய சைக்கிளுக்கு வர என்ன செய்ய வேண்டும்?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் கன்னியாகுமரிக் கடற்கரையில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். காஷ்மீரில் கிளம்பிய ஒருவர் வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து சேர்வார். முக்கடல் சங்கமத்தில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம்மூரில் வந்து முடிவதால் நமக்குக் கிடைத்த காட்சி அது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர், சைக்கிளில் பெரிய ஆளாக வேண்டும் என்று என்னிடம் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மக்களே, ஊர் சுற்ற ஆசையா, பந்தயம் ஓட ஆசையா?

ஊர் சுற்றுவது அருமையான காரியம். ஆனால் அதற்கும் பந்தயத்துக்கும் தேவைப்படும் பழக்கங்கள் வேறு. 100 கி.மீ. ஓட்டி முடித்ததற்காகப் பந்தயத்தில் யாரும் பரிசு தருவதில்லை. அந்த 100 கி.மீ.க்குப் பிறகு, கடைசி 300 மீட்டரில் யாருக்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாலைப் பந்தயமானாலும், சரிந்த வட்டத் தளத்தில் சுற்றி ஓடும் டிராக் பந்தயமானாலும் இது மாறாது. பந்தயம்தான் வேண்டும் என்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோரும் கூடவே உட்கார்ந்து படித்தால் நல்லது.

முதல் படி: வீட்டில் இருக்கிற சைக்கிள் போதும்

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி உங்களிடம் இருக்கலாம். இல்லையென்றால் அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள் இருக்கும். அதிலேயே தொடங்குங்கள். முதல் ஆறு மாதம் புது சைக்கிளுக்குக் காசு போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். கடன் வாங்கி கார்பன் சைக்கிள் வாங்கிக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அது மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடும் கம்பியாகிவிடுகிறது.

முதல் போட்டிக்கும் அந்த சாதா சைக்கிளே தேவை. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் அண்ணா மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. சிறுவர்களுக்கு 15 முதல் 20 கி.மீ., சிறுமிகளுக்கு 10 முதல் 15 கி.மீ. இந்தியாவில் செய்த, சாதாரண கைப்பிடி உள்ள, கியர் இல்லாத சைக்கிள்தான் அனுமதி. முதல் மூன்று பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். நான்கிலிருந்து பத்தாம் இடம் வரை வருகிறவர்களுக்கு 250 ரூபாய். அறிவிப்பைத் தெரிந்துகொள்ள நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே ஒரு நடை போய் வாருங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம் சைக்கிள் கடைக்குப் போய் ஹப்பைக் கழற்றி கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், கூடை எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். சீட்டை உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்து, முட்டு மடங்கிச் சவுட்டுகிறார்கள். முட்டு வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தப் போட்டியில் பரிசு வாங்காவிட்டாலும் கவலை வேண்டாம். முடிந்த மறுநாளும் சைக்கிளை எடுக்கத் தோன்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். தோன்றினால் மேலே படியுங்கள்.

காற்றோடு பழகுவது

நம் மாவட்டத்தில் வேலோட்ரோம் (டிராக் பந்தய அரங்கம்) இல்லை என்பது பலருடைய குறை. அதைவிடப் பெரிய ஒரு பள்ளிக்கூடம் நம்மிடம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைகளுக்கு நடுவே அந்தக் கணவாய் வழியாகப் பிதுங்கி வருகிறது. முப்பந்தலில் காற்றாடிகளை நட்டிருப்பது அதற்காகத்தான். நாகர்கோவிலில் கிளம்பி ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு போய், அங்கிருந்து தெற்கே கன்னியாகுமரிக்கு இறங்கி, சுசீந்திரம் வழியாகத் திரும்பினால் சுமார் 60 கி.மீ. வரும் ஒரு முக்கோணம். முதல் பக்கம் காற்று முதுகில் தள்ளும், 40 கி.மீ. வேகத்தில் போகும்போது நீங்கள் பெரிய வீரர் என்றே தோன்றும். இரண்டாம் பக்கம் வலதுபுறமிருந்து அறையும். மூன்றாம் பக்கம் முகத்தில் அடிக்கும். ஒரே காலையில் மூன்று பாடம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சமதரையில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்காகச் செலவாகும் சக்தி எட்டு மடங்காகும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தலாம். சாலைப் பந்தயத்தின் தந்திரம் அத்தனையும் இந்த மிச்சத்தைச் சுற்றியே நடக்கிறது. தனியாக எத்தனை ஆயிரம் கி.மீ. ஓட்டினாலும் இது கைவராது. ஆகவே முதல் வருடத்தில் உங்களுக்கு வேண்டியது நல்ல சைக்கிளைவிட நல்ல இரண்டு கூட்டாளிகள்.

பழகும் முறை இது. வாகனம் குறைந்த சாலையில், விடியற்காலையில், முன்னவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சைக்கிள் நீளம் விட்டுத் தொடங்குங்கள். வாரம் போகப்போக இடைவெளியைக் குறைத்து, இரண்டு சாண் வரை வாருங்கள். கண் சக்கரத்தையே முறைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முன்னவரின் இடுப்பையும், அவர் தோளுக்கு அப்பால் உள்ள சாலையையும் பார்க்க வேண்டும். பெடலைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், பிரேக்கைப் படக்கென்று பிடிக்காதீர்கள். முன்னால் போகிறவர் குழி, கல், நாய் எதுவானாலும் கையால் காட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்கிவிட்டு, ஓரமாக விலகி, வரிசையின் பின்னால் வந்து சேர வேண்டும்.

பக்கக் காற்றில் விஷயம் மாறும். காவல்கிணற்றிலிருந்து தெற்கே வரும்போது காற்று வலப்புறம் என்றால், ஒதுங்கும் இடம் முன்னவரின் பின்னால் நேராக இல்லை; சற்று இடப்புறம் தள்ளி இருக்கும். போட்டிக்காக மூடிய சாலையில் வீரர்கள் சாய்வாக வரிசை கட்டிப் போவது இதனால்தான். வண்டி ஓடும் சாலையில் அப்படி விரிந்து போக நமக்கு உரிமையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஓரப் பட்டைக்குள் இரண்டு பேர் சாய்ந்து போகலாம். மூன்றாமவர் நேர்வரிசையில் வரட்டும்.

இதில் ஒரு தவறு என் காறை எலும்பை உடைத்தது. முப்பந்தலுக்கு அருகில், என் முன்சக்கரத்தை நண்பரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைத்து வைத்திருந்தேன். ஒரு காற்று அடித்தது. அவர் ஒரு சாண் நகர்ந்தார். இரண்டு டயரும் உரசும் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. பின்சக்கரம் உரசப்பட்டவர் விழுவதில்லை, முன்சக்கரம் உரசப்பட்டவர் விழுகிறார். எட்டு வாரம் சைக்கிள் தொடவில்லை. எத்தனை அருகில் போனாலும் சக்கரத்துக்குப் பின்னால் சக்கரம் இருக்கட்டும், பக்கத்தில் நுழைக்காதீர்கள்.

மேடு, மழை, உப்பு, டாரஸ்

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றம் தேடிப் போகும் வேலை இல்லை. குலசேகரம், அருமனை, திற்பரப்பு சாலைகளில் ஒரு கி.மீ.க்கு ஒரு மேடும் ஒரு இறக்கமும் வரும். ஒவ்வொரு மேட்டையும் சீட்டிலிருந்து எழாமல் ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை என்று மாற்றி மாற்றி ஏறுங்கள். நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் கேரள எல்லை தாண்டிப் பொன்முடிக்குப் போகலாம். 22 கொண்டை ஊசி வளைவுகள். 2023இல் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்த இடம் அது. பேச்சிப்பாறைக்கு மேலும் கீரிப்பாறைக்கு மேலும் வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

ரப்பர் தோட்டத்துச் சாலை வெயில் விழாத சாலை. மழைக்காலத்தில் ஓரத்தில் பச்சையாகப் பாசி படிந்து, அதன்மேல் இலையும் கிடக்கும். அங்கே வளைவில் முன்பிரேக்கைத் தொட்டால் தரையில்தான் இருப்பீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையை பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலையில், மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் பக்கம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்று செயினையும் கேபிளையும் ஒரு பருவத்துக்குள் தின்றுவிடும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். வாளியும் துணியும் போதும்.

டாரஸ் லாரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றி மேற்கே போகும் வண்டிகள் நம் குறுகிய சாலைகளை நிறைத்துவிடுகின்றன. அவை நெருங்கும்போது உங்களை வெளியே தள்ளும், கடக்கும்போது தன் பக்கம் இழுக்கும். கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, ஓரத்தில் ஒரு முழம் இடம் விட்டு ஓட்டுங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு வந்துவிடுவதே பாதுகாப்பு. ஹெல்மெட் இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

சாப்பாட்டுக்கு வெளியூர் சரக்கு எதுவும் தேவையில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய ஏத்தன்பழத்தில் அதன் கீழ் அளவு கிடைத்துவிடும். கருப்பட்டித் துண்டும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் சேர்ந்தால் போதும். வீட்டுக்கு வந்ததும் புட்டும் பயறும், அல்லது மரச்சீனியும் சாளைக் கறியும். பெண் பிள்ளைகள் எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டு ஓட்டக் கூடாது. மாதவிடாய் தவறினால் உடம்பு பட்டினி கிடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது நல்ல சைக்கிள்? எப்போது பதிவு?

ஆறு மாதம் விடாமல் வாரம் நான்கு நாள் ஓட்டியிருந்தால், ஐம்பதாயிரத்தைச் சுற்றி ஒரு அலுமினியச் சாலை சைக்கிள் பாருங்கள். பழையது என்றாலும் பரவாயில்லை. ஃபிரேமில் கீறல் இருக்கிறதா என்று பெயின்டைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஃபிரேம் அளவு உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். விலை குறைவு என்பதற்காகப் பெரிய அளவை வாங்கினால் பிறகு எதை மாற்றினாலும் சரியாகாது. மிச்சக் காசில் பேட் வைத்த கால்சட்டை வாங்குங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. யாரும் வெட்கத்தில் சொல்லித் தராத விஷயம் இது, பலர் புண்ணோடு ஓட்டிக் கஷ்டப்படுகிறார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தூரம், நேரம், காற்று எந்தப் பக்கம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம். மாதம் ஒரு முறை ஒரே சாலையில் 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரு திசை ஓட்டம் பொய் சொல்லும். பத்து நிமிடம் போய், பத்து நிமிடம் திரும்புங்கள்.

போட்டிப் பாதை இப்படிப் போகிறது: மாவட்டம், மாநிலம், பிறகு இந்திய சைக்கிளிங் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. சாலைக்கும் டிராக்குக்கும் தனித்தனியாக ஆண்டுதோறும் தேசியப் போட்டி உண்டு. தமிழ்நாடு அணியில் இடம் பிடிக்க மாநிலச் சங்கத்தின் தேர்வுப் போட்டியில் ஓட வேண்டும். பள்ளி வழியாகப் போகும் இன்னொரு பாதையும் உண்டு. உடற்கல்வி ஆசிரியரை விடாமல் கேளுங்கள். வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஒரு காலண்டர் ஆண்டில் 17 அல்லது 18 நிறைகிறவர் அந்த ஆண்டு முழுவதும் ஜூனியர். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரின் எழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியிருந்ததால் கடைசி நேரத்தில் ஓட முடியாமல் அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அவரை விட்டு விலகிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும். ஜிம்மில் தரும் பவுடர், என்ன கலந்தது என்று தெரியாத லேகியம் எதையும் தொடாதீர்கள். சளிக்குக் குடிக்கும் சில மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூடப் போட்டி நேரத்தில் சிக்கலாகும். உடம்பில் போனதற்கு வீரரே பொறுப்பு, தெரியாமல் குடித்தேன் என்ற பதில் செல்லாது. காய்ச்சல் என்றால், நான் போட்டி வீரர் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பிழைப்புக்கு என்ன வழி?

அப்பா, அம்மா கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை.

ஐரோப்பாவில் பெரிய அணிகளில் சம்பளம் வாங்கி ஓட்டுவது ஒரு உலகம். உச்சத்தில் இருக்கும் ஆண்கள் அணிகள் 18. அதற்கு இரண்டு படி கீழே இருக்கும் கான்டினென்டல் அணிகளுக்கு உலக சைக்கிள் சங்கம் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கவில்லை. 1964 டோக்கியோவுக்குப் பிறகு இந்திய சைக்கிள் வீரர் யாரும் ஒலிம்பிக்கில் ஓடவில்லை. இதையெல்லாம் தெரிந்தேதான் வர வேண்டும்.

நம் நாட்டில் வீரர்கள் பிழைப்பது வேலையை வைத்து. ரயில்வேயும் ராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சைக்கிள் வீரர்களை எடுக்கின்றன. தேசியப் போட்டியில் ரயில்வே சட்டையைப் பார்த்தால் மற்றவர்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வரும். பிற்காலத்தில் பயிற்சியாளராக விரும்புகிறவர்கள் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் படிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போட்டிச் சான்றிதழும் வேண்டும், கூடவே படிப்பும் வேண்டும். ஆகவே பப்ளிக் பரீட்சை மூன்று மாதமும் காலை ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டினால் போதும் என்று பிள்ளைக்கும் வீட்டுக்கும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கால் அவ்வளவு சீக்கிரம் மறந்துபோகாது.

நம்பிக்கைக்கும் ஆள் உண்டு. 2019இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஓடரில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில், மூவர் அணி ஸ்பிரின்ட் (குறுந்தூர வேகப் பந்தயம்) தங்கத்தை இந்தியா வென்றது. எசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங். எசோ ஆல்பன் அந்தமான் நிக்கோபார்காரர். அதே தீவுகளின் டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய சிறுமி. பிறகு இந்தியாவின் முன்னணி ஸ்பிரின்ட் வீராங்கனையானார். குளச்சலிலும் கீழமணக்குடியிலும் அந்த அலையைப் பார்த்த நமக்கு அவர் கதையை விளக்க வேண்டியதில்லை. 2022 ஆசிய டிராக் போட்டியில் ரொனால்டோ தனிநபர் ஸ்பிரின்டில் வெள்ளி எடுத்தது டெல்லியின் உள்ளரங்க மரத்தள டிராக்கில்.

டிராக்கில் முதல் நாள்

சாலையில் ஒரு வருடம் ஓட்டியபின் டிராக்கைத் தொட்டுப் பாருங்கள். நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் காரியவட்டத்தில், எல்.என்.சி.பி.இ. எனும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் திறந்தவெளி சிமென்ட் டிராக். மார்த்தாண்டத்துப் பிள்ளைக்குச் சென்னையைவிட அது எத்தனையோ பக்கம். மாநில அணிக்கு என்று போகும்போது சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூர் டிராக் வரும். உலகத் தரம் என்பது டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய 250 மீட்டர் உள்ளரங்க மரத்தளம். அதன் வளைவுகள் சுவர்போல் 40 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். எங்கே போனாலும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் ஒன்றுதான். பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நீங்கள் காலை நிறுத்த நினைத்தால் சைக்கிள் உங்களைத் தூக்கி எறியும். முன் பல்சக்கரத்தில் 50 பல், பின் பல்சக்கரத்தில் 15 பல் என்றால் ஒரு சுற்றுச் சவுட்டுக்கு சுமார் 7 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று சவுட்டினால் 38 கி.மீ. வேகம் வரும். ஸ்பிரின்ட் வீரர்கள் கடைசி 200 மீட்டரில் 130 சுற்றைத் தாண்டுவார்கள்.

தரையில் கோடுகள் இருக்கும். அடியில் நீலப் பட்டை, அதற்கு மேல் கறுப்புக் கோடு, அப்புறம் சிவப்பு. கறுப்புக் கோட்டில்தான் டிராக்கின் நீளம் அளக்கப்படுகிறது. ஸ்பிரின்ட் தொடங்கியபின் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே முன்னால் இருப்பவரை உள்பக்கமாக நுழைந்து முந்தக் கூடாது.

முதல் நாள் உள்வட்டச் சமதரையில் பத்து சுற்று. பிறகு நீலப் பட்டை. வேகம் கூடியதும் நேர்ப்பகுதியில் மெல்ல மேலே ஏறி, வளைவுக்குள் நுழையுங்கள். அந்த நொடியில் எல்லோரும் செய்யும் தவறு, பயந்து காலைத் தளர்த்துவது. வேகம் இருக்கும்வரை வளைவு உங்களைத் தாங்கும், வேகம் போனால் டயர் கீழே வழுக்கும். ஆகவே வளைவில் அழுத்திச் சவுட்டுங்கள். மேலே ஏறும்முன் வலது தோளுக்கு மேல் பின்னால் பாருங்கள், கீழே இறங்கும்முன் இடது பக்கம் பாருங்கள். சுற்றுவது எப்போதும் இடதுபுறமாகத்தான்.

இறங்கும்போது அவசரம் வேண்டாம். இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி, மேட்டில் கொஞ்சம் ஏறி வேகத்தைக் கரைத்து, நேர்ப்பகுதியில் கீழே வந்து, ஓரக் கம்பியைக் கையால் பிடியுங்கள். சக்கரம் முழுதாக நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகே கிளிப்பிலிருந்து காலை எடுங்கள்.